ஒரு சாய்கோட்டுக்கு இடம் கொடுங்கள்: கலிபோர்னியா ஆளுநருக்கும் சட்டமன்றத்துக்கும் ஒரு திறந்த மடல்

நவம்பர் 2017

மதிப்புக்குரிய ஆளுநர் ஜெர்ரி பிரவுன் அவர்களுக்கும் சட்டமன்ற உறுப்பினர்களுக்கும்,

வணக்கம். பிறப்புச் சான்றிதழில் பெயர்களின் எழுத்துகள் மேல் சாய்கோடு, நெளி போன்ற குறிகளைப் போட வழிசெய்யும் ஏபி 82 மசோதாவை உறுப்பினர் ஹோசே மெடினா கொண்டுவந்தார். இரண்டு அவைகளும் நிறைவேற்றி அனுப்பிய அந்த மசோதாவை ஆளுநர் அவர்கள் போன மாதம் கையெழுத்திடாமல் திருப்பி அனுப்பிவிட்டீர்கள். மாநில, மத்திய அரசுகளின் மற்ற ஆவணங்களில் இல்லாத குறிகளைப் பிறப்புச் சான்றிதழில் மட்டும் சேர்த்தால் முரண்பாடு வரும், செலவும் அதிகம் என்று காரணம் சொன்னீர்கள். என் வேண்டுகோள் ஒன்றுதான். அந்த மசோதா மறுபடி வர வேண்டும், இந்த முறை அதில் கையெழுத்து விழ வேண்டும்.

எங்கள் மகன் இந்தச் செப்டம்பரில் பிறந்தான். நான் காரைக்குடிப் பக்கம். என் கணவரின் குடும்பம் மெக்சிகோவின் மிச்சோவகான் மாநிலத்திலிருந்து வந்தது. சமையலிலும் சாமியிலும் ஒத்துவராத எங்கள் இரண்டு குடும்பங்களுக்கும் பெயர் வைப்பதில் மட்டும் ஒரே வழக்கம்: பேரனுக்குத் தாத்தா பெயர். ஆனாலும் குளிர்பெட்டிக் கதவில் ஒரு பட்டியல் ஒட்டியிருந்தோம். மத்தேயோ, தியேகோ, சாந்தியாகோ, பாப்லோ ஒரு பக்கம். ஆந்த்ரெஸ், மார்த்தின், ஹொவாக்கின், நிக்கொலாஸ், ரமோன் இன்னொரு பக்கம். முதல் வரிசையில் உள்ள பெயர்களுக்குத் தலைமேல் எந்தக் குறியும் கிடையாது. இரண்டாவது வரிசையில் ஒவ்வொன்றிலும் ஓர் எழுத்தின் மேல் சின்னதாக ஒரு சாய்கோடு உண்டு. வீட்டுக்கு வந்த கணவரின் அக்கா பட்டியலைப் பார்த்ததுமே சொன்னார்: "முதல் வரிசையிலேயே எடுத்துக்கோங்க. தலைவலி இல்லை."

பிள்ளைக்குப் பெயர் தேடும்போது அழகு பார்ப்போம், அர்த்தம் பார்ப்போம், நட்சத்திரம்கூடப் பார்ப்போம். அரசாங்கத்தின் அச்சு இயந்திரத்துக்கு ஒத்துக்கொள்ளுமா என்று பார்ப்பது இங்கேதான். என் கணவரின் உறவுக்காரர்கள் வீடுகளில் மத்தேயோக்களும் தியேகோக்களும் ஏன் இத்தனை பேர் என்று அப்போதுதான் எனக்குப் புரிய ஆரம்பித்தது.

ரமோன் என்பது என் மாமனார் பெயர். மெக்சிகோவிலிருந்து கூலியாட்களை இங்கே வரவழைத்து 1942 முதல் 1964 வரை நடந்த பிராசெரோ திட்டத்தின் கடைசி வருஷங்களில், கலிபோர்னியாவின் சலினாஸ் பக்கம் லெட்டூஸ் அறுக்க வந்தவர். அவருடைய கூலிச்சீட்டுகளை மாமியார் இன்னும் வைத்திருக்கிறார். எதிலும் அந்தக் கோடு இல்லை. சரி, அன்றைய தட்டச்சுப்பொறியில் அதற்குச் சாவி இல்லாமல் இருந்திருக்கலாம். ஆனால் அவர் கையெழுத்துப் போட்ட இடத்தில் எல்லாம் கோடு இருக்கிறது, அதுவும் நன்றாக அழுத்திப் போட்டது. போன வருஷம் அவர் இறந்துவிட்டார். எனக்கு அறுவை சிகிச்சை செய்துதான் குழந்தையை எடுத்தார்கள். தாயின் வயிற்றைக் கிழித்து எடுக்கப்பட்டவர் என்று சொல்லப்படும் புனித ரமோன் நொனாத்தோ, கர்ப்பிணிகளுக்கும் மருத்துவச்சிகளுக்கும் காவல் புனிதர். அவருடைய திருநாளான ஆகஸ்ட் 31 அன்று மாமியார் மெழுகுவர்த்தி ஏற்றி வைத்து எனக்காக வேண்டியிருந்தார். இதற்குப் பிறகு அந்த வீட்டில் வேறு பெயரைப் பற்றி யார் பேச முடியும்?

மருத்துவமனையில் விவரப் படிவம் வந்தபோது, பெயரை நான் எழுதுகிறேன் என்று மாமியார் கேட்டு வாங்கிக்கொண்டார். அதிகம் படித்தவர் இல்லை. ஒவ்வொரு எழுத்தாக எழுதி, கடைசியில் கோட்டைப் போட்டார். சரிபார்க்கச் சொல்லி அச்சடித்த தாள் வந்தபோது கோட்டைக் காணவில்லை. தாளை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, மை தீர்ந்துவிட்டதா என்று கேட்டார். படிவம் கொண்டுவந்த பெண் நல்லவர், அவர்மேல் எனக்கு வருத்தம் இல்லை. "சிஸ்டம் எடுக்காதும்மா. ஆங்கிலத்தின் 26 எழுத்து மட்டும்தான். வீட்டில் நீங்கள் எப்படி வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளலாம்" என்றார். பிறந்த 10 நாளுக்குள் பதிந்தாக வேண்டும். மசோதா உங்கள் மேசைக்கு வரும், நீங்கள் கையெழுத்திடுவீர்கள் என்று காத்திருக்கவும் வழியில்லை. கோடில்லாமலே பதிந்தோம்.

அந்தக் கோடு அலங்காரத்துக்குப் போடுவது இல்லை. அழுத்தம் கடைசி அசையில் என்று அது சொல்கிறது. அதை எடுத்துவிட்டால் ஸ்பானிய இலக்கணப்படி அழுத்தம் முதல் அசைக்கு ஓடிவிடும். ஊரிலிருந்து என் அம்மா போனில் பெயரைக் கேட்டுவிட்டு, "ராமன்னு வச்சிருக்கீங்களா, ரொம்ப நல்லதுடி" என்றார். உங்கள் சான்றிதழில் இருப்பதை இலக்கணம் தெரிந்த ஸ்பானியர் ஒருவர் அப்படியே வாசித்தால் ஏறக்குறைய என் அம்மா சொல்வதுதான் வரும். அம்மாவுக்கு இதில் பரம சந்தோஷம். கலிபோர்னியா அரசே சம்பந்தி அம்மா பக்கம் சேர்ந்துகொள்ளும் என்று என் மாமியார்தான் எதிர்பார்க்கவில்லை.

இந்த 26 எழுத்து விதிக்கு வேர் 1986-இல் வாக்கெடுப்பில் வென்ற 63-ஆம் முன்மொழிவு என்கிறார்கள். ஆங்கிலமே இந்த மாநிலத்தின் ஆட்சிமொழி என்று அரசமைப்பில் அது சேர்த்தது. அந்தப் பிரிவைத் தேடிப் படித்தேன். குழந்தைகளின் பெயரைப் பற்றி அதில் ஒரு சொல்கூட இல்லை. அதற்கும் முன்னால், 1849-இல் மாண்டரேயில் எழுதப்பட்ட இந்த மாநிலத்தின் முதல் அரசமைப்பு, சட்டங்களை ஆங்கிலத்திலும் ஸ்பானியத்திலும் வெளியிட வேண்டும் என்றது. அதை எழுதிய மாநாட்டின் பிரதிநிதிகளில் ஒருவர் ஹோசே அந்தோனியோ கரீயோ. அவர் வம்சத்தில் யாராவது இன்று இங்கே ஒரு குழந்தைக்கு அவர் பெயரை வைக்கப்போனால், குறியை வாசலில் கழற்றி வைத்துவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும்.

ஓகானர் என்ற பெயரில் ஓ-வுக்குப் பக்கத்தில் வரும் மேற்கோள் குறியை உங்கள் கணினி ஏற்றுக்கொள்கிறது. இரட்டைப் பெயர்களுக்கு நடுவே வரும் சிறுகோட்டையும் ஏற்றுக்கொள்கிறது. இந்த இரண்டும் 26 எழுத்துக்குள் எங்கே இருக்கின்றன என்று யாராவது எனக்குக் காட்டினால் நன்றி சொல்வேன். அதே அரசு, கடற்கரையில் இருக்கும் தன் அன்யோ நுவேவோ பூங்காவின் பெயரில் எழுத்தின் மேல் நெளி போடுகிறது. யானை சீல்கள் கரையேறும் இடத்துக்குக் கிடைக்கிற மரியாதையை நான் குறை சொல்லவில்லை. லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸ் பேஸ்பால் அணியின் அட்ரியான் கொன்சாலஸ் போன வருஷமே தன் சட்டையின் முதுகில் குறியைத் தைத்துக்கொண்டு ஆடினார். தையல்காரரால் முடிந்த காரியம்தான் இது.

செலவு என்கிறீர்கள். உலகின் எழுத்துகளுக்கெல்லாம் கணினியில் இடம் ஒதுக்கிய யூனிகோட் அமைப்பு 1991-இல் பதிவானதே இந்தக் கலிபோர்னியாவில்தான். மாமியார் போட்ட அந்தக் கோட்டெழுத்தும் அதில் இருக்கிறது, நான் இப்போது எழுதும் தமிழும் இருக்கிறது. ஹவாயில் 35 எழுத்து நீளக் குடும்பப்பெயர் கொண்ட ஒருவருக்கு அடையாள அட்டையில் இடம் போதாமல் போனது. 2013-இல் மாநிலம் தன் அமைப்பைத்தான் மாற்றியது. முரண்பாடு வரும் என்கிறீர்கள். முரண்பாடு ஏற்கெனவே இருக்கிறது, ஐயா. மெக்சிகோவில் பிறந்த என் கணவரின் பிறப்புச் சான்றிதழில் குறி இருக்கிறது, இங்கே வாங்கிய ஓட்டுநர் உரிமத்தில் இல்லை. இரண்டும் ஒரே ஆள்தான் என்று ஒவ்வோர் அலுவலகத்திலும் விளக்குவது அவர் வேலை.

பெயர் விஷயத்தில் இந்த நாட்டு ஆவணங்களோடு எங்களுக்குள்ள வழக்கு இதோடு முடிவதில்லை. தமிழர்கள் பலருக்குக் குடும்பப்பெயரே கிடையாது. கடவுச்சீட்டில் ஒற்றைப் பெயரோடு வருகிறவருக்கு முதல் பெயர்க் கட்டத்தில் எஃப்.என்.யூ. என்று அச்சாகும், 'முதல் பெயர் தெரியவில்லை' என்பதன் சுருக்கம். அம்மா அப்பா ஆசையாக வைத்து ஊரே கூப்பிட்ட பெயர், படிவத்துக்குத் தெரியவில்லையாம்! அப்புறம் வங்கியிலும் பல் மருத்துவரிடமும் "மிஸ்டர் எஃப்னு" என்று கூப்பிடுவார்கள், அவரும் எழுந்து போவார். என் பெயரில் உள்ள ழகரத்துக்காக நான் உங்களிடம் வரவில்லை என்பதையும் கவனியுங்கள். அது ஆங்கிலத்தில் இல்லாத எழுத்து, நான் சமாதானமாகிவிட்டேன். இது உங்களிடம் ஏற்கெனவே இருக்கும் ஓர் எழுத்தின் மேல் ஒரு கோடு.

கோபத்தில் எங்கேயோ போய்விட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். உங்கள் மேசையில் இதைவிடப் பெரிய விஷயங்கள் இருப்பது தெரியும். சோனோமாவிலும் நாப்பாவிலும் காட்டுத்தீயில் வீடிழந்தவர்கள் இருக்கிறார்கள், அவர்களுக்கு முதலில் செய்யுங்கள். அதன்பின் அடுத்த கூட்டத்தொடரில் இந்த மசோதாவை மறுபடி எடுக்குமாறு சட்டமன்ற உறுப்பினர்களைப் பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். ஒரே ஆண்டில் எல்லா அலுவலகங்களையும் மாற்ற முடியாது என்றால் பிறப்புச் சான்றிதழில் மட்டும் தொடங்குங்கள், மற்றவை அதைப் பார்த்து வரட்டும். ஏற்கெனவே கோடில்லாமல் பதிவானவர்கள் கேட்டால் கட்டணம் இல்லாமல் திருத்தித் தரவும் அதில் ஒரு வரி சேர்க்க வேண்டும். ஆளுநர் அவர்கள் இந்த முறை கையெழுத்திட வேண்டும்.

இதை ஆங்கிலத்திலும் ஸ்பானியத்திலும் எழுதித் தனியே அனுப்பியிருக்கிறேன். ஸ்பானியப் பிரதியில் கையெழுத்துப் போட்டிருப்பவர் என் மாமியார்.

இப்படிக்கு,
கயல்விழி