கதவில் ஒட்டிய பட்டியல்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நான் தங்கச்சிமடத்துக்காரன். ராமேசுவரத்தில் விசைப்படகுக்குப் போகிறேன். எங்களுக்குத் திங்கள், புதன், சனி கடல். காலையில் மீன்துறை அனுமதி டோக்கன் வாங்கிப் போனால் மறுநாள்தான் கரை. அதனால் திங்கட்கிழமை தோறும் என் வீட்டில் நடந்தது ரொம்ப நாளாக எனக்குத் தெரியாமலே போயிற்று.

நவம்பரில் ஒரு திங்கட்கிழமை பாம்பனில் ஒன்றாம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றினார்கள். டோக்கன் இல்லை, பள்ளிக்கு லீவும் இல்லை. பத்தாவது படிக்கும் மூத்தவன் யூனிபார்ம் போட்டு, ஒரு கால் ஷூவை மாட்டியவன், வயிற்றைப் பிடித்துக்கொண்டு வாசல்படியிலேயே உட்கார்ந்துவிட்டான். "திங்கக்கிழமைன்னா இவனுக்கு இப்படித்தான்" என்றாள் மனைவி. ஸ்கேன் வரை எடுத்தாயிற்றாம். ஒன்றுமில்லையாம்.

திங்கட்கிழமை வாரத் தேர்வு மார்க் வரும் நாள். ஒவ்வொருவராக எழுப்பி நிற்கவைத்து வாசிப்பார்கள். குறைந்தவர்களுக்கு 'மெல்லக் கற்போர்' என்று தனி வகுப்பு. தனியாக உட்காரவைத்துச் சொல்லித் தருவதை நான் குறை சொல்லமாட்டேன், நல்லதுதான். அந்தப் பட்டியலைக் கதவில் ஒட்டி, பெற்றோர் வாட்ஸ்அப் குழுவிலும் போடுகிறார்களே, அது யாருக்காக? மாநில ரேங்க் அறிவிப்பதையே அரசு 2017இல் நிறுத்திவிட்டது.

விடிகாலை ஐந்து மணிக்கு டியூஷன் போனால் ராத்திரி எட்டரைக்குத்தான் வீடு. டியூஷன் சுவரில் கலாம் ஐயா படம். கனவு காணச் சொன்னவர் படத்துக்குக் கீழேதான் பிள்ளைகள் தூங்கி விழுகிறார்கள். அவரே டேராடூனில் விமானப்படைத் தேர்வில் ஒன்பதாவதாக வந்து, எட்டுப் பேரை மட்டும் எடுத்ததால் திரும்பியவர். எங்கள் தீவில் எந்த ஆண்டுவிழா மைக்கிலும் இதை நான் கேட்டதில்லை.

பள்ளியை மட்டும் சொன்னால் பொய். "படிக்கலேன்னா என்கூடக் கடலுக்குத்தான் வரணும்" என்று நானும் எத்தனையோ தடவை அதட்டியிருக்கிறேன். அன்றைக்கு வாசல்படியில் அவன் கேட்டான்: "அப்ப நீங்களும் மெல்லக் கற்போராப்பா?" கேலி இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டான். எனக்கு வாயே திறக்கவில்லை.

கிழிந்த மடிவலையை விரித்துப்போட்டால் எந்தக் கண்ணி அறுந்திருக்கிறது என்று பார்க்காமலே விரலால் தடவிச் சொல்கிறவன் அவன். கச்சான் காற்று எப்போது விழும் என்று என் அண்ணனோடு பந்தயம் கட்டுவான், பாதிக்கு மேல் ஜெயிப்பான். இப்போது விருந்தாளி யாராவது "என்னப்பா படிக்கிறே" என்றால், "பத்தாவது, ஆனா சுமார்தான்" என்று அவனாகவே சேர்த்துச் சொல்கிறான்.

நர்ஸம்மா ஒருவர் 14416 என்ற மனநல உதவி எண்ணைக் கொடுத்தார். காசு கிடையாது, தமிழிலேயே பேசுகிறார்கள். கதவைச் சாத்திக்கொண்டு இரண்டு தடவை பேசினான். என்ன பேசினாய் என்று நான் கேட்கவில்லை.

நான் கேட்பது ஒன்றுதான். மார்க்கை அந்தந்தப் பிள்ளை கையில் கொடுங்கள், கதவில் ஒட்டாதீர்கள். கடலைக் காட்டி அதட்டுவதை நான் விட்டுவிட்டேன், வாய் தவறி இரண்டு தடவை வந்தது தவிர.

என் பெயரையும் பள்ளிப் பெயரையும் போடவேண்டாம். பரீட்சை முடியும்வரை அவன் அங்கேதான் படிக்கவேண்டும்.

இப்படிக்கு,
ஒரு விசைப்படகுத் தொழிலாளி,
தங்கச்சிமடம்