கைக்கெட்டாத தண்ணீர்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். முதியோருக்கு இழைக்கப்படும் கொடுமைகளைப் பற்றித் தங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். அடிப்பது, மிரட்டுவது, சொத்தை எழுதி வாங்குவது ஆகியவற்றையெல்லாம் விரிவாகச் சொன்ன அக்கட்டுரை, பராமரிக்க வேண்டியவர்கள் கவனிக்காமல் விடுவதை மட்டும் ஒரே வரியில் கடந்துவிட்டது. 27 ஆண்டுகள் செவிலியராகப் பணியாற்றி ஓய்வுபெற்ற நான் அதிகம் பார்த்தது அந்த ஒரு வரியைத்தான் என்பதால் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

பக்கவாதத்தால் வலது கையும் காலும் செயலிழந்த ஒரு மூதாட்டியை அரைமயக்கத்தில் கொண்டுவந்து சேர்த்தார்கள். நாக்கு வறண்டு ஒட்டிக்கொண்டிருந்தது; சிறுநீர் அடர்ந்த பழுப்பு நிறத்தில் இருந்தது. "தண்ணீர் எப்போதும் பக்கத்திலேயே வைத்திருப்போம்" என்றார் மகன். அவர் பொய் சொல்லவில்லை. தினமும் காலையில் டம்ளரை நிரப்பிவிட்டுத்தான் வேலைக்குப் போயிருக்கிறார். ஆனால் அந்த டம்ளர் இருந்ததோ கட்டிலின் வலப்பக்கத்து மேசையில். இடது கை மட்டுமே அசையும் அந்த அம்மாவுக்கு அது எட்டவே எட்டாது. மாலையில் டம்ளர் அப்படியே நிறைந்திருந்ததை யாரும் ஒரு கேள்வியாக எடுத்துக்கொள்ளவில்லை.

வயது ஏற ஏறத் தாக உணர்வே மங்கிவிடும் என்பதால், முதியவர்கள் கேட்டால் கொடுக்கலாம் என்று காத்திருக்க முடியாது. உடலில் நீர் குறையும்போது அவர்கள் திடீரென்று தடுமாறிப் பேசுவார்கள், ஆளை மாற்றிச் சொல்வார்கள். வீட்டார் அதை வயதின் மறதி என்று விட்டுவிடுவார்கள். படுக்கைப் புண்ணும் அப்படித்தான் கவனத்துக்குத் தப்புகிறது. இடுப்பின் பின்பகுதியிலோ குதிகாலிலோ சிவந்திருக்கும் இடத்தை விரலால் அழுத்தி எடுத்தால் தோல் ஒரு கணம் வெளுக்க வேண்டும். வெளுக்காமல் சிவந்தே இருந்தால் புண் தொடங்கிவிட்டது என்று பொருள். கருத்த தோலில் சிவப்பு எளிதில் தெரியாது. தொட்டுப் பார்த்தால் சூடாகவோ கெட்டியாகவோ இருக்கும். நன்றாகப் பார்த்துக்கொள்ளும் வீட்டிலும் சிலருக்குப் புண் வரும், நோயாலும் உடல் மெலியும் என்பதால், ஓர் அடையாளத்தை வைத்து யாரையும் குற்றவாளியாக்கக் கூடாது. ஆனால் புண்ணோடு, வளைந்து வளர்ந்த கால் நகமும், பெட்டியில் தீராமல் கிடக்கும் மாத்திரைகளும், உடைந்து பல மாதமான மூக்குக் கண்ணாடியும் சேர்ந்து தென்பட்டால், அதற்கு மேலும் சும்மா இருக்கக் கூடாது. புத்தி பேதலித்துவிட்டதாகச் சொல்லி அழைத்துவரப்பட்ட ஒரு பெரியவரின் காதுக் கருவியில் நான் பேட்டரி மாற்றிய மறுநிமிடம், அவர் எங்கள் கேள்விகளுக்கெல்லாம் தெளிவாகப் பதில் சொன்னார்.

60 வயதைக் கடந்தவர்களில் ஆறில் ஒருவர் ஆண்டுதோறும் ஏதோ ஒரு வகைக் கொடுமைக்கோ புறக்கணிப்புக்கோ ஆளாகிறார் என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. அவர்களில் மிகப் பலர் வாய் திறப்பதில்லை. பெற்ற பிள்ளையை விட்டுக்கொடுக்க மனம் வராது. இருக்கிற ஒரே துணையும் போய்விடுமோ என்ற அச்சமும் உண்டு. ஆகவே பார்க்கப் போகிறவர்கள் சிறிது நேரமாவது அவர்களோடு தனியாக இருக்க வேண்டும். "உங்களை நன்றாகப் பார்த்துக்கொள்கிறார்களா?" என்று கேட்டால் "நன்றாக" என்ற பதில்தான் வரும். "காலையில் என்ன சாப்பிட்டீர்கள்? கடைசியாக எப்போது குளித்தீர்கள்? இரவில் கூப்பிட்டால் யார் வருவார்கள்?" என்று கேட்டால் உண்மை தானாக வெளியே வரும்.

நான் கண்ட புறக்கணிப்பில் பெரும்பகுதி கொடூர மனத்தால் நேர்ந்ததல்ல. தூக்கமின்றி, மாற்று ஆளின்றி, எப்படிச் செய்வது என்று சொல்லித்தர ஒருவருமின்றித் தனியாக மாரடித்துச் சோர்ந்தவர்களால் நேர்ந்தது. அவர்களைக் குறை சொல்லிவிட்டுப் போகும் உறவினர், வாரத்தில் ஒரு பிற்பகல் அந்தக் கட்டிலருகே தாமே உட்கார்ந்தால் அது மருந்தைவிடப் பெரிய உதவி. தெரிந்தே பட்டினி போட்டு ஓய்வூதியத்தை மட்டும் வாங்கிக்கொள்பவர்களும் உண்டு; அங்கே குடும்ப விஷயம் என்று ஒதுங்குவது அந்த அநியாயத்துக்குத் துணைபோவதாகும். ஆனால் அவர்களிடமும் ஆத்திரத்தில் சண்டை போட்டுவிட்டு வெளியேறிவிடாதீர்கள். நாம் போன பிறகு அந்த முதியவர் அவர்களிடம்தான் தனியாக இருக்கப் போகிறார். கண்டதைத் தேதியோடு குறித்துக்கொண்டு, மருத்துவரிடமோ முதியோர் நலனுக்குப் பொறுப்பான அதிகாரிகளிடமோ சொல்ல வேண்டும். நினைவு தடுமாறினாலும், புண்ணில் நாற்றம் எழுந்தாலும், அறையில் பூட்டிவைக்கப்பட்டிருந்தாலும் ஒரு நாளும் தாமதிக்காமல் மருத்துவமனைக்கோ காவல் துறைக்கோ தகவல் சொல்ல வேண்டும். மருத்துவமனையில் இருப்பவர்களும் புண்ணுக்குக் கட்டுப் போட்டு அனுப்புவதோடு நிறுத்தாமல், அது எப்படி வந்தது என்று கேட்டு நோயாளியின் பதிவேட்டில் எழுத வேண்டும். இதை நானே செய்யத் தவறிய நாட்கள் உண்டு. அந்த முகங்கள் இன்றும் என் நினைவில் இருக்கின்றன.

ஜூன் 15-ஆம் நாளை முதியோர் கொடுமை விழிப்புணர்வு நாளாக ஐ.நா. பொதுச்சபை 2011-இல் அறிவித்தது. அன்று தங்கள் இதழில் ஒரு பக்கம் ஒதுக்கி, படுத்த படுக்கையாக இருப்பவரை எப்படித் திருப்பிப் படுக்க வைப்பது, விழுங்கச் சிரமப்படுபவருக்கு எப்படி நிமிர்த்தி உட்காரவைத்து ஊட்டுவது என்பதைப் படங்களோடு வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவர்