மாஸ்கோவின் திரெத்தியாக்கோவ் கலைக்கூடத்தாருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நிர்வாகத்தினருக்கு,

வணக்கம். ஈட்டியும் கேடயமும் ஏந்திக் கவசத்தோடு தங்கள் கூடத்தில் நிற்கும் தெசலோனிக்காவின் புனித டெமெட்ரியஸ் மொசைக் ஓவியம், 1108க்கும் 1113க்கும் இடையில் இளவரசர் இரண்டாம் ஸ்வியாத்தோபோல்க் கீவில் எழுப்பிய புனித மிக்கேல் பேராலயத்துக்கு உரியது. அதைத் திருப்பித் தரும்படி கேட்கவே இம்மடல்.

பதினேழு, பதினெட்டாம் நூற்றாண்டுகளில் அந்தப் பழைய கோயிலின் இரு பக்கங்களிலும் புதிய கூடங்கள் சேர்ந்தன. பழஞ்சுவர்களுக்கு முட்டுச்சுவர்கள் வந்தன. ஏழு குவிமாடங்களும் பொன் பூசி எழுந்தன. 1716 முதல் 1719 வரை மணிக்கோபுரம் கட்டப்பட்டது. உள்ளே, ஹெட்மன் (கொசாக் தலைவர்) ஸ்கோரோபாட்ஸ்கியின் கொடையில், பலிபீடத்தின் முன் நிற்கும், செதுக்கு வேலை நிறைந்த திருவுருவத் தடுப்பு அமைந்தது. உக்ரேனிய பரோக் (அலங்காரம் மிகுந்த கட்டடக்கலை) பாணி என்று இன்று போற்றப்படும் இந்த உருவமே அதற்கு எமனாக வந்தது.

1934இல் உக்ரைனின் தலைநகரம் கார்கிவிலிருந்து கீவுக்கு மாற்றப்பட்டபோது, அரசு வளாகம் அமைக்க அந்த இடம் வேண்டியிருந்தது. கட்டடத்தின் பெரும்பகுதி பரோக் காலத்தது, ஆகவே காக்கத் தகுதியற்றது என்று ஆய்வுக்குழு எழுதித் தந்தது. பரோக் பூச்சுக்கு அடியில் பன்னிரண்டாம் நூற்றாண்டுச் சுவர் நின்றதை அது பொருட்படுத்தவில்லை. கையெழுத்திட மறுத்த அறிஞர் மைக்கோலா மகரென்கோ கைதாகி, 1938இல் சுட்டுக் கொல்லப்பட்டார். லெனின்கிராடிலிருந்து வந்த மொசைக் கலைஞர் ஃப்ரோலோவின் குழு மொசைக்குகளைப் பெயர்த்தெடுத்தது. 1937 ஆகஸ்ட் 14 அன்று பேராலயம் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. எந்த வளாகத்துக்காக இடித்தார்களோ, அது அங்கே எழவே இல்லை. இடம் பல பத்தாண்டுகள் வெறுமையாகக் கிடந்தது.

தகர்ப்புக்கு மறு ஆண்டு ஒரு கண்காட்சிக்காக மாஸ்கோவுக்குச் சென்ற டெமெட்ரியஸ் திரும்பவில்லை. கண்காட்சிக்கு அனுப்பிய பொருள் கொடையாகிவிடாது.

பேராலயம் 1999இல் அதே பரோக் உருவில் மீண்டும் எழுந்தது. நகல்தானே என்று சிலர் முகம் சுளிக்கிறார்கள். எந்த உருவத்தைக் காரணம் காட்டி இடித்தார்களோ அந்த உருவத்திலேயே கட்டியதுதான் முறை என்பது என் கருத்து. 2000களின் தொடக்கத்தில் ரஷ்யாவின் ஹெர்மிட்டேஜ் அருங்காட்சியகம், தன்னிடமிருந்த அக்கோயிலின் சுவரோவியத் துண்டுகள் சிலவற்றைக் கீவிடம் ஒப்படைத்தது. ஆகவே இது முன்னுதாரணம் இல்லாத கோரிக்கை அன்று.

ஏவுகணைகள் விழும் நகருக்கு இன்றே அனுப்புங்கள் என்று கேட்கவில்லை. உரிமை கீவுடையது என்பதை இப்போதே எழுத்தில் ஏற்று, அது தங்களிடம் வந்த விதத்தை ஓவியத்தின் அருகே பார்வையாளர் படிக்கும்படி எழுதி வையுங்கள். போர் ஓய்ந்ததும் அனுப்பி வையுங்கள்.

இப்படிக்கு,
கோயிற்கலை ஆர்வமுள்ள ஒரு தமிழ் வாசகர்