முதலில் ஜாக்கெட்டைப் பார்

கூறைநாடு, மயிலாடுதுறை
ஆவணி மாதம்

அன்பு பாப்பாவுக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் நலம். நீயும் மாப்பிள்ளையும் பேரனும் நலமாக இருக்க மாயூரநாதரை வேண்டிக்கொள்கிறேன். போனில் ஒரு விஷயத்தைத் தொடங்குவதற்குள் உன் வீட்டு குக்கர் விசில் அடித்துவிடுகிறது. அதனால்தான் கடிதம்.

தை மாதக் கல்யாணத்துக்குக் கும்பகோணம் வர உடுத்த ஒன்றுமே இல்லை என்றாய். பீரோவைத் திறந்தால் புடவைகள் சரிந்து விழுகின்றன, எதைக் கட்டினாலும் கண்ணாடியில் யாரோ ஒரு பெரியம்மா நிற்கிறாள் என்றும் சொன்னாய். பேரனுக்குக் கல்லூரிக் கட்டணம் கட்டிய கையோடு புதுப் பட்டு எடுக்க முடியாது என்பது எனக்குத் தெரியும். எடுக்க வேண்டியதும் இல்லை. உனக்குப் பொருந்தாமல் போனது புடவை அல்ல, ஜாக்கெட். புடவை ஐந்தரை மீட்டர் துணி. நீ இளைத்தாலும் பெருத்தாலும் அதற்குக் கவலை கிடையாது. ஜாக்கெட் உன் முப்பத்தெட்டு வயது உடம்புக்குத் தைத்தது. அதை நாற்பத்தொன்பதில் மூச்சைப் பிடித்துக்கொண்டு கொக்கி மாட்டிவிட்டு, புடவையைக் குறை சொல்கிறாய்.

இந்தத் தெருவில் இத்தனை காலம் தையல் மிஷின் மிதித்தவள் என்ற உரிமையில் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. ஐம்பதை நெருங்கும்போது பெண்ணுடம்பு பெருப்பது மட்டுமில்லை, இடம் மாறுகிறது. முதுகு லேசாக வளைகிறது. அதனால் பின்பக்கத் துணி போதாமல் ஜாக்கெட் மேலே ஏறும், முன் கழுத்து தொளதொளவென்று நிற்கும். மார்பு சற்று இறங்குகிறது. மார்புக்காகத் துணியை மடித்துத் தைக்கும் டாட்டின் முனை மட்டும் பழைய உயரத்திலேயே நின்றால் அதற்குக் கீழே குறுக்குச் சுருக்கம் விழும். கையின் மேல்பகுதியில் சதை போடுகிறது. பழைய கை அங்கே இறுக்கிப் பிடித்து, பிடித்த இடத்துக்குக் கீழே பிதுங்கும். இதெல்லாம் சேர்ந்துதான் நீ சொல்லும் பெரியம்மா. இவற்றில் ஒன்றைக்கூடப் பதினைந்தாயிரம் ரூபாய்ப் பட்டு மறைக்காது. நல்ல தையல் எல்லாவற்றையும் மறைக்கும்.

ஆகவே அளவு ஜாக்கெட்டைத் தையல்காரரிடம் தூக்கிக் கொடுத்துவிட்டுத் திரும்பிவிடாதே. அந்த அளவு ஜாக்கெட்டே தப்பாக இருந்தால் அதைப் பார்த்துத் தைப்பது எப்படிச் சரியாகும்? டேப் வைத்து உடம்பில் அளவெடுக்கச் சொல். பின் உயரத்தை அரை அங்குலம் கூட்டச் சொல், மொத்த உயரத்தையும் கொஞ்சம் இறக்கினால் குனிந்து நிமிரும்போது இடுப்பு தெரியாது. டாட்டைத் தாழ்த்த வேண்டும். கை முடிகிற இடம்தான் பார்ப்பவர் கண் போய் நிற்கும் இடம். சதை அதிகமாக உள்ள இடத்தில் முடித்தால் கை இன்னும் பருமனாகத் தெரியும். முழங்கைக்குச் சற்று மேலே முடிக்கச் சொல். உனக்குக் கழுத்து குட்டை, உன் அப்பா வழி அது. படகுக் கழுத்து எல்லோரும் போடுகிறார்கள் என்று நீயும் போடாதே. முன்னால் சற்று இறங்கிய 'ப' கழுத்தோ வெற்றிலை வடிவப் பான் கழுத்தோ போதும். பின்னால் ஆழமாக வெட்டிக் கயிறு கட்டிக் குஞ்சம் தொங்கவிடுவது உன் மருமகள் வயதுக்காரிகளுக்கு. உனக்கு இன்னும் மருமகள் வரவில்லை என்றாலும் சொல்லிவைக்கிறேன்.

லைனிங் துணியையும் ஜாக்கெட்டுக்கான டூ பை டூ துணியையும் வெட்டுமுன் ஒரு இரவு தண்ணீரில் ஊறவைத்து உலர்த்திக் கொடு. இல்லாவிட்டால் முதல் துவைப்பிலேயே உள்துணி சுருங்கி வெளித்துணியை இழுக்கும். பக்கத் தையலில் இருபுறமும் ஒரு அங்குலத் துணியை உள்ளே விடச் சொல். இதைச் சொல்லாவிட்டால் வெட்டி எறிந்துவிடுவார்கள். அந்த ஒரு அங்குலம் இருந்தால் ஐந்து வருடத்துக்கு அந்த ஜாக்கெட்டைப் பிரித்துப் பிரித்துப் போட்டுக்கொள்ளலாம். கூலி கொஞ்சம் கூடுதலாகக் கேட்டால் கொடு. புடவையில் பேரம் பேசு, தையலில் பேசாதே.

வெளியே பேச வெட்கப்படுவதையும் தாய் பேசித்தானே ஆக வேண்டும். தொய்ந்துபோன உள்ளாடையின் மேல் எந்த ஜாக்கெட்டும் உட்காராது. அளவு எடுக்கப் போகும் முன் நல்லதாக இரண்டு வாங்கிக்கொள், அதைப் போட்டுக்கொண்டு அளவு கொடு. பாவாடைக்கும் இதே கதைதான். சுருக்கு வைத்துத் தைத்த பாவாடை வயிற்றைச் சுற்றி மூட்டை கட்டும். மேலே தட்டையாகவும் கீழே விரிவாகவும் துண்டு வைத்துத் தைத்ததை வாங்கு. நாடாவின் முடிச்சை நடுவயிற்றில் போடாமல் பக்கவாட்டில் போடு.

ஒவ்வொரு புடவையோடும் ஒட்டியே வரும் ரன்னிங் பிளவுஸ் துண்டைத் தைத்துத் தைத்துத்தான் உன் பீரோ நிறைந்தது. புடவைக்கு ஒரு ஜாக்கெட் என்பது கடைக்காரர் கணக்கு. அந்தத் துண்டை வெட்டி எடுத்துவிடு. வெட்டாமல் கட்டினால் இடுப்பில் ஒரு சுற்று கூடும், உனக்கு இப்போது அது வேண்டாம். கறுப்பு, அரக்கு, கரும்பச்சை, சந்தன நிறம், மயில் கழுத்து. இந்த ஐந்தில் ஐந்து ஜாக்கெட் உன் புது அளவுக்குத் தைத்துக்கொண்டால் உன்னிடம் இருக்கும் புடவைகளில் முக்கால்வாசி உயிர்பெற்றுவிடும். பீரோவின் அடியில் கிடக்கும் அந்த மஞ்சள் கட்டம் போட்ட பருத்திக்குக் கறுப்பு ஜாக்கெட் போட்டுப் பார், நான் சொன்னது புரியும்.

நிறத்தைப் பற்றி ஒன்று. நீ தலைக்குச் சாயம் போடுவதை நிறுத்தியது எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் தலை நரைத்த பிறகு முன்பு எடுப்பாக இருந்த வெளிர் நிறங்கள் முகத்தைச் சோகையாகக் காட்டும். அழுத்தமான நிறங்கள்தான் நரைக்கு அழகு. காஞ்சிபுரத்தில் எம்.எஸ். சுப்புலட்சுமிக்காக நெய்து, பிறகு அவர் பெயரிலேயே ஊரெல்லாம் பரவிய எம்.எஸ். நீலம் இருக்கிறதே, அதை அவர் வயதான காலத்துப் படங்களில் பார். கடையில் வாங்கும்போது ட்யூப் லைட்டை நம்பாதே. புடவையை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்து, பகல் வெளிச்சத்தில் தாடைக்குக் கீழே பிடித்துப் பார். புடவை அழகாக இருக்கிறதா என்று பார்க்காதே, முகம் தெளிகிறதா என்று பார். விற்பனைப் பையன் முகம் சுளிப்பான், சுளிக்கட்டும்.

இனி கல்யாணத்துக்கு வருவோம். திருபுவனம் பக்கத்திலேயே இருக்கிற ஊரில் கல்யாணம். உன் அத்தை வகையறா முந்தானையை இரண்டு விரலில் தேய்த்துப் பார்த்துவிட்டுத்தான் நலம் விசாரிப்பார்கள். 2019இல் திருபுவனம் பட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்ததிலிருந்து அவர்களே நெய்த மாதிரிப் பேச்சு. விசிறி போல மடித்துத் தரும் அந்தப் பட்டு அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் அவர்களோடு போட்டி போட உன்னிடம் பணம் இல்லை, ஆகவே போட்டியில் இறங்காதே. என் பெட்டியில் பழைய கூறைநாட்டுப் புடவை ஒன்று இருக்கிறது. பட்டும் பருத்தியும் கலந்து கட்டம் போட்டு நெய்தது, உடம்பில் ஒட்டாது, கனமும் இல்லை. இங்கே தறிச் சத்தம் வீட்டுக்கு வீடு கேட்ட காலத்தில் நெய்தது. அப்படி ஒன்றை இப்போது தேடினாலும் சுலபத்தில் கிடைக்காது. அதைக் கட்டிக்கொண்டு வந்தால் யாரும் விலை கேட்க மாட்டார்கள், எங்கே கிடைத்தது என்றுதான் கேட்பார்கள்.

அதைப் பாலிஷுக்குக் கொடுத்துவிட்டேன். ஃபால்ஸ் நானே தைக்கிறேன். ஃபால்ஸ் துணியையும் முதலில் நனைத்து உலர்த்தாமல் தைத்தால் பிறகு சுருங்கி, புடவையின் அடிப்பக்கம் முழுக்க அலை அலையாக நிற்கும். உன் தீபாவளிப் புடவையில் நான் பார்த்தது அதுதான். பிரித்துத் தைத்துக்கொள்.

போன மாதம் சாஃப்ட் சில்க் என்று படத்தைப் பார்த்து வரவழைத்தாயே, அதைப் பற்றிப் பேச வேண்டாம் என்றுதான் நினைத்தேன். இருந்தாலும் முந்தானை ஓரத்தில் ஒரு நூலை உருவிக் கொளுத்திப் பார். பட்டாக இருந்தால் முடி கருகும் நாற்றம் வரும், சாம்பல் விரலில் பொடியும். பாலியஸ்டராக இருந்தால் உருகிக் கெட்டியாக ஒரு மணி போல நிற்கும். எது என்று எனக்கு எழுத வேண்டாம், எனக்குத் தெரியும். அடுத்த முறை பட்டு என்று சொல்லி விற்றால் சில்க் மார்க் முத்திரை இருக்கிறதா என்று கேள். காசு குறைவாக இருக்கும்போது பட்டு மாதிரி இருப்பதை வாங்குவதைவிட நல்ல பருத்தியை வாங்குவது மரியாதை.

வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால் ஐப்பசிவரை பொறு. ஆடித் தள்ளுபடியில் லைனிங் துணி, பாவாடை, துண்டுத் துணி இவற்றைத்தான் வாங்கலாம். புடவைக்குக் கோ-ஆப்டெக்ஸின் தீபாவளித் தள்ளுபடி 30 சதவீதம் இருக்கும்போது போ. 1935இல் நெசவாளர்களுக்காகத் தொடங்கிய சங்கம், கைத்தறியை நம்பி எடுக்கலாம். மாதாமாதம் கொஞ்சம் கட்டிச் சேர்க்கும் கனவு நனவுத் திட்டமும் அங்கே இருக்கிறது. பேரன் படிப்பு முடியும்வரை அதில் சேர்ந்துகொள். எடுக்கும்போது மெல்லிய கரையாக எடு. அகலக் கரை உன் உயரத்தைப் பாதியில் வெட்டிவிடும். பருத்திக்குக் கஞ்சி வேண்டும், ஆனால் நீர்க்கக் கரைத்துப் போடு. அட்டை போல விறைத்தால் ஐந்து கிலோ கூடத் தெரிவாய். லேசான ஈரம் இருக்கும்போதே இஸ்திரி போட்டுவிடு.

அலுவலகத்துக்குச் சுடிதார்தானே போடுகிறாய். ரெடிமேடில் தோள் சரியாக இருந்தால் மட்டும் வாங்கு. இடுப்பை யாரும் பிடித்துக் கொடுப்பார்கள், தோளைத் திருத்த ஆகும் கூலிக்கு இன்னொன்று வாங்கிவிடலாம். பக்கத் திறப்பு இடுப்பின் அகலமான இடத்தில் பிளந்து நிற்கிறதா என்று உட்கார்ந்து பார்த்து வாங்கு. மற்றபடி அதில் எனக்கு அனுபவம் போதாது.

நகை விஷயத்தில் கவலையே வேண்டாம். சிதம்பரம் கவரிங்கில் மெல்லிய ஒற்றைச் சரம் போதும். இரவல் நகை வாங்கிப் போட்டுக்கொண்டு கல்யாணம் முழுக்கக் கழுத்தைத் தடவிக்கொண்டிருக்க வேண்டாம். செருப்பு தேய்ந்திருந்தால் மாற்று, புடவையின் அடிக்கரை அதைத்தான் காட்டிக்கொடுக்கும்.

உன் பட்டுகளை ஒரு நாள் வெளியே எடு. கல்யாணமான புதிதில் மடித்த மடிப்பிலேயே அவை கிடக்கின்றன என்று நினைக்கிறேன். அப்படியே விட்டால் மடிப்பு விழுந்த இடத்தில் இழை அறும். நிழலில் உலர்த்தி, மடிப்பை மாற்றி, வெள்ளைப் பருத்தித் துணியில் சுற்றி வை. அந்துருண்டை ஜரிகையைத் தொடக் கூடாது. வசம்பும் வேப்பிலைச் சருகும் போதும். ஏற்கெனவே இற்றுப்போனது இருந்தால் பழைய பட்டு வாங்குகிறவனிடம் எடைக்குப் போட்டுவிடாதே, எனக்கு அனுப்பு. கரை நன்றாக இருந்தால் வேறு துணியில் வைத்துத் தைக்கலாம், உடல் துணியில் இரண்டு ஜாக்கெட்டாவது தேறும்.

இப்போது நீ செய்ய வேண்டியது: உன்னிடம் இருப்பதிலேயே மிக மோசமாகப் பிடிக்கும் ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு, எங்கெங்கே இழுக்கிறதோ அங்கெல்லாம் சாக்பீஸால் கோடு போடச் சொல் மாப்பிள்ளையிடம். சிரித்தால் சிரிக்கட்டும். மார்பு, இடுப்பு, கைச் சுற்றளவு மூன்றையும் ஒரு தாளில் எழுதி அதோடு வைத்துக் கூரியரில் எனக்கு அனுப்பு, நான் பார்த்துத் திருத்தித் தருகிறேன். புரட்டாசிக்குள் வந்துவிட வேண்டும். ஐப்பசி மழை பிடித்துவிட்டால் மின்சாரம் போய் வரும், மேகமூட்டத்தில் என் கண்ணுக்கு ஊசிக் காதும் தெரியாது. எதிர்வீட்டுப் பெண் நூல் கோத்துத் தருகிறாள், ஆனால் அவளும் தீபாவளிக்குப் புகுந்த வீடு போய்விடுவாள்.

மாப்பிள்ளைக்கு என் அன்பு. பேரனைத் தேர்வு முடிந்ததும் இங்கே அனுப்பு. சாக்பீஸ் கோடு அழிந்துவிடும் என்று துவைக்காமல் அனுப்பிவிடாதே, முதலில் துவைத்து உலர்த்திவிட்டுப் பிறகு கோடு போடு.

இப்படிக்கு,
அம்மா