கினி பிக் சாப்பிடலைன்னா நாளைக்குப் பாத்துக்கலாம்னு விட்டுறாதீங்க

ஆசிரியருக்கு வணக்கமுங்க. போன ஞாயித்துக்கிழமை வீட்டுல வளக்கற பிராணிங்க பத்தி போட்டிருந்தீங்க, நாய், பூனை, லவ் பேர்ட்ஸ் எல்லாம் இருந்துச்சு, ஆனா கினி பிக்னு வால் இல்லாத எலி மாதிரி புல்லு திங்கற சின்னப் பிராணி ஒண்ணு இருக்குதே, அதப் பத்தி ஒரு வரி இல்லீங்க. எங்க தெருவுலயே மூணு வீட்டுல வளக்கறாங்க, அதான் எழுதறேன்.

விஷுவுக்கு மொத நாள் எங்க பொண்ணோட கினி பிக் கொத்தமல்லித் தழைய மோந்து பாத்துட்டு திரும்பி ஒக்காந்துக்கிச்சு. ஃப்ரிட்ஜ் கதவு சத்தம் கேட்டாலே வீக் வீக்னு கத்தற உசுரு அது, அன்னைக்கு சத்தமே இல்ல, முடிய சிலுப்பிக்கிட்டு மூலையில குறுகிக் கெடந்துச்சு. பாலக்காட்டு வெயில் தெரியுமில்லீங்க, அதனாலதான் இருக்கும்னு நெனச்சேன், வீடு நெறைய ஒறம்பரை வேற. மறுநாள் கூண்டுல புழுக்கை எண்ணி எட்டோ பத்தோதான், அதுவும் சின்னச் சின்னதா காஞ்சுபோய். லீவு நாள்ல டாக்டர எங்க தேடறதுன்னு மருந்துக் கடையில சொல்லி, குழந்தைங்களுக்குக் குடுக்கற அமாக்ஸிசிலின் சிரப் வாங்கி ஊத்தினோம். மூணாம் நாள் வயித்தால போயி செத்துப்போச்சுங்க. பொண்ணு ரெண்டு நாள் சரியா சாப்பிடல.

அப்புறம் பொள்ளாச்சியில ஒரு டாக்டர்தான் வெவரமா சொன்னாரு. பென்சிலின், அமாக்ஸிசிலின் வகை மருந்த கினி பிக்குக்கு வாயில குடுத்தா குடல்ல இருக்கற நல்ல பாக்டீரியா செத்து கெட்டது பெருகி ஆளையே கொன்னுருமாம். அதோட குடல் எப்பவும் ஓடிட்டே இருக்கணும், அரை நாள் ஒண்ணுமே திங்கலைன்னா கேஸ் கட்டி நின்னுபோகும், அப்பவே கெளம்பணும்னாரு. காட்டுல பெரிய மிருகத்துக்கு இரையாகற ஜாதிங்கறதால சீக்க மறைச்சுக்கும், நம்ம கண்ணுக்குத் தெரியறப்ப பாதி முத்தியிருக்கும்.

அதனால இருக்கற இன்னொன்ன வாராவாரம் சமையல் தராசுல வெச்சு எடை எழுதறேன். ஆடி மாசம் 930 கிராம் இருந்தது ஒரே வாரத்துல 860க்கு வந்துச்சு, பாக்க நல்லாத்தான் இருந்துச்சு, தட்டுக்கிட்ட ஓடிவரும் ஆனா கடிச்சுட்டு கீழ போட்டுரும், தாடையெல்லாம் ஈரம். அன்னைக்கே தூக்கிட்டுப் போனோம். கடவாப்பல்லு வளந்து நாக்குக்கு மேல வளைஞ்சு நாக்கையே அசைக்க முடியாம பண்ணியிருந்துச்சு. இதுங்களுக்கு சாகற வரைக்கும் பல்லு வளந்துட்டே இருக்குமாம், புல்லு மென்னு தேயணும், நான் கடைத்தீனிய அதிகமா போட்டுட்டேன். மயக்கம் குடுத்து ராவி விட்டாரு, ஒரு வாரம் சிரிஞ்சுல கரைச்சு ஊட்டினோம், இப்ப புல்லு கட்டு கட்டா திங்குது.

வாயத் தொறந்து மூச்சு வாங்கறது, கண்ணு மூக்கு ஒழுகி ஒட்டிக்கறது, வயிறு மத்தளமா உப்பறது, மூத்திரம் போகும்போது கத்தறது, வெயில்ல எச்சி வடிச்சு சாஞ்சுடறது, இதுல எது வந்தாலும் ராத்திரின்னு பாக்காதீங்க. நடக்க மாட்டாம மூட்டு வீங்கினா வைட்டமின் சி கொறைச்சலா இருக்கலாம், நம்மள மாதிரியே அதுக்கும் ஒடம்புல அது ஊறாது, தெனம் கொஞ்சம் குடமிளகாயோ கொய்யாவோ வேணும்.

எங்க ஊருல மாட்டாஸ்பத்திரி இருக்குது, மாடு ஆடு நல்லா பாப்பாங்க. இந்த மாதிரி சின்ன பிராணிங்கள பாக்கற டாக்டருங்க பாலக்காடு, பொள்ளாச்சி, கோயமுத்தூர்ல எங்கெங்க இருக்காங்க, லீவு நாள்ல யாரு இருப்பாங்கன்னு விசாரிச்சு ஒரு தடவ போட்டீங்கன்னா ரொம்ப ஒதவியா இருக்குமுங்க.

ஒரு வாசகி,
கொழிஞ்சாம்பாறை, சித்தூர் தாலுகா