பரணில் இருக்கும் பெட்டிகள்

அன்புள்ள மீனாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். ஸ்டுடியோ நெகட்டிவ்களைப் பழைய சாமான்காரரிடம் போட்டுவிடச் சொன்னாயாம், அம்மா சொன்னாள். சரி, அதற்கு அப்புறம் வருகிறேன். முதலில் உன் சிட்னிக்காரர் ஒருவரைப் பற்றிக் கேள்.

பிராங்க் ஹர்லி என்ற புகைப்படக்காரர், 1885இல் பிறந்தவர். 13 வயதில் வீட்டைவிட்டு ஓடி இரும்பாலையில் சேர்ந்தார். முதல் கேமரா 15 ஷில்லிங், வாரம் ஒரு ஷில்லிங் தவணை. என் முதல் கேமராவும் தவணையில் வந்ததுதான்.

1914இல் ஷாக்கிள்டன் என்ற துருவப் பயணியின் குழுவோடு அண்டார்டிகா போனார். புகைப்படம், சினிமா இரண்டும் அவர் பொறுப்பு. அவர்கள் போன எண்டூரன்ஸ் கப்பல் பனியில் மாட்டிக்கொண்டது. ஓர் இரவு கப்பலைச் சுற்றி ஏறக்குறைய 20 ஃப்ளாஷ் வைத்து ஒரே ஒரு படம் எடுத்தார். கப்பல் எலும்புக்கூடு மாதிரி வெளுத்து நிற்கும். நாற்பது வருஷம் ஃப்ளாஷ் போட்ட எனக்கு அப்படி ஒரு படம் வாய்க்கவில்லை.

1915 அக்டோபரில் பனி கப்பலை நொறுக்கியது. நெகட்டிவ்கள் உள்ளே தண்ணீரில் கிடந்தன. மனுஷன் சட்டையைக் கழற்றிவிட்டு அந்தப் பனிக்குழம்பில் இறங்கி, பற்றவைத்து மூடிய தகரப் பெட்டிகளை மீட்டார். ஆனால் அத்தனையையும் சுமக்க முடியாதே. அவரும் ஷாக்கிள்டனும் பனியில் உட்கார்ந்து நெகட்டிவ் இருந்த கண்ணாடித் தகடுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார்கள். சுமார் 120 தேறின. மிச்சம் 400 போல, அங்கேயே உடைத்தார்கள். முழுசாக விட்டுவிட்டுப் போனால் மனசு கேட்காமல் திரும்பி வந்து எடுக்கத் தோன்றும் அல்லவா? அப்புறம் சட்டைப்பை கேமராவும் மூன்று ரோல் ஃபிலிமும்தான். 1916 ஆகஸ்டில் மீட்புக் கப்பல் வரும்வரை அதை வைத்தே, அவர்கள் ஒதுங்கிய எலிபென்ட் தீவில் (அண்டார்டிகா பக்கம்) ஓட்டினார்.

1917இல், முதல் உலகப் போரில், ஆஸ்திரேலியப் படையின் போர்முனைக்குப் படமெடுக்கப் போனார். ஒரே நெகட்டிவுக்குள் போர்க்காட்சி முழுவதையும் கொண்டுவர முடியவில்லை என்று பலவற்றைச் சேர்த்து ஒரே படமாக்கினார். போர்ச் செய்தியாளர் சார்லஸ் பீன் அதைப் போலி என்று சொல்லிச் சண்டைக்கு வந்தார். நியாயம் பீன் பக்கம்தான். ஆனால் நானே எத்தனை குடும்பப் படத்தில் செத்துப்போன தாத்தாவை வெட்டி ஒட்டி நடு நாற்காலியில் உட்கார வைத்திருக்கிறேன்! வாங்கியவர்கள் கண்ணில் ஒற்றிக்கொண்டு போனார்கள்.

ஹர்லியின் படங்கள் உங்கள் ஊர் மாநில நூலகத்தில் இருக்கின்றன. ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்.

நம் பெட்டிகள் நீ பொங்கலுக்கு வரும்வரை பரணிலேயே இருக்கட்டும். இருவரும் உட்கார்ந்து பிரிப்போம். வரும்போது நல்ல பூதக்கண்ணாடி ஒன்று வாங்கி வா. இங்கே இருந்ததை உன் அம்மா எங்கோ வைத்துவிட்டாள்.

அன்புடன்,
அப்பா