எட்டாம் வகுப்பின் சென்ட்ரல் மெட்ரோ பயணம்: பெற்றோருக்குக் கடிதம்

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். வரும் சனிக்கிழமை எட்டாம் வகுப்புப் பிள்ளைகளைச் சென்ட்ரல் மெட்ரோ நிலையத்துக்கு அழைத்துச் செல்கிறோம். காலை 9 மணிக்குக் கோயம்பேடு மெட்ரோ நிலையத்தில் கூடி, பகல் 1 மணிக்குள் பள்ளிக்குத் திரும்பிவிடுவோம். ‘தினமும் போய்வருகிற இடத்தைப் பார்க்க ஒரு பயணமா?’ என்று சில பெற்றோர் கேட்டிருக்கிறீர்கள். நியாயமான கேள்விதான். ‘விசையும் அழுத்தமும்’ பாடத்தில் பிள்ளைகள் படிப்பது அத்தனையும் அந்த நிலையத்தின் சுவரிலும் தரையிலும் கதவிலும் இருக்கிறது. எங்கே பார்ப்பது என்று யாராவது காட்டினால் போதும்.

கோயம்பேட்டில் ஏறுவதற்கும் காரணம் உண்டு. அங்கே தடம் தூண்களின் மேல் ஓடுகிறது. அடுத்த நிலையமான திருமங்கலத்துக்குள் ரயில் தரைக்குக் கீழே போய்விடும். வெளிச்சம் மறையும் அந்த இறக்கத்தைப் பிள்ளைகள் ஜன்னலோரம் நின்று பார்க்க வேண்டும். சென்னையில் முதன்முதலாகப் பயணிகள் நிலத்துக்கடியில் மெட்ரோவில் போனதும் இந்தத் தடத்தில்தான். 2017 மே 14 அன்று திருமங்கலம் முதல் நேரு பூங்கா வரை 7 நிலையங்கள் திறக்கப்பட்டன. 2018 மே 25-ல் சென்ட்ரல் வரை ரயில் வந்தது. 2019 பிப்ரவரி 10-ல் அண்ணா சாலைக்கு அடியில் வரும் தடமும் சேர்ந்துகொள்ள, நீலம், பச்சை ஆகிய இரண்டு வழித்தடங்களும் சந்திக்கும் இடமாகச் சென்ட்ரல் ஆனது. ஒன்றன்கீழ் ஒன்றாக இரண்டு நடைமேடை மட்டங்கள் அங்கே இருப்பது அதனால்தான். 2020-ல் நிலையத்துக்குப் புரட்சித் தலைவர் டாக்டர் எம்.ஜி. ராமச்சந்திரன் பெயர் சூட்டப்பட்டது.

சென்ட்ரலில் இறங்கியதும் முதலில் மேலே வந்து, சாலையில் இருக்கும் வாசலைப் பார்ப்போம். கீழே இறங்க வேண்டிய நிலையத்துக்குள் நுழையச் சில படிகள் ஏற வேண்டியிருப்பதைப் பலர் கவனித்திருக்க மாட்டார்கள். மழை வெள்ளம் சாலையில் தேங்கினாலும் நிலையத்துக்குள் புகாமல் இருக்கத்தான் அந்த உயரம். மழையைவிடப் பெரிய தொல்லை நிலத்தடி நீர். நீர்மட்டத்துக்கு 15 மீட்டர் கீழே ஒரு தளம் இருந்தால், அதன் ஒவ்வொரு சதுர மீட்டரையும் சுமார் 15 டன் விசையோடு நீர் மேல்நோக்கித் தள்ளும். காலிக் குடத்தைத் தொட்டித் தண்ணீரில் அமுக்கிப் பார்த்தவர்களுக்கு இது புரியும். நிலையம் மேலெழும்பாமல் இருக்க அதன் சொந்த எடையும், கூரைக்கு மேல் கொட்டிய மண்ணும், ஆழமாக இறங்கிய சுவர்களும் சேர்ந்து பிடித்துக்கொள்ள வேண்டும். பயணத்துக்கு முன் பிள்ளைகள் இந்தக் கணக்கை வகுப்பில் போட்டுப் பார்ப்பார்கள்.

அந்தச் சுவர் எழும் விதம்தான் எனக்கு எப்போதும் வியப்பூட்டுவது. வீடு கட்டுவதுபோலப் பள்ளம் தோண்டிவிட்டுச் சுவர் எழுப்ப முடியாது, மண் சரிந்துவிடும். ஆகவே சுவரை முதலில் கட்டிவிட்டுப் பிறகு நடுவில் உள்ள மண்ணை எடுக்கிறார்கள். ஏறத்தாழ ஒரு மீட்டர் அகலத்தில், சில மீட்டர் நீளத் துண்டுகளாக ஆழமான அகழி வெட்டுவார்கள். தோண்டத் தோண்ட அதைப் பென்டோனைட் என்னும் களிமண் கரைசலால் நிரப்பிக்கொண்டே வருவார்கள். அந்தக் கரைசலின் அழுத்தம்தான் அகழியின் பக்கங்களைத் தாங்குகிறது. அதன் மட்டம் இறங்கினால் மண் உள்ளே சரியும். பிறகு கம்பிக்கூட்டை இறக்கி, நீண்ட குழாய் வழியாக அடியிலிருந்து கான்கிரீட் ஊற்றுவார்கள். கான்கிரீட் உயர உயரக் கரைசல் மேலே வெளியேறும். குழாயின் நுனி எப்போதும் கான்கிரீட்டுக்குள் புதைந்தே இருக்க வேண்டும். அவசரப்பட்டு உயர்த்திவிட்டால் கான்கிரீட்டோடு கரைசல் கலந்து, சுவரில் வலுவற்ற ஓர் இடம் உண்டாகிவிடும். பின்னாளில் நீர் கசிவது பெரும்பாலும் இப்படிப்பட்ட இடங்களிலும் துண்டுகள் சேரும் இணைப்புகளிலும்தான். நெரிசலான சாலைகளில் கூரைத் தளத்தை முதலில் போட்டு, போக்குவரத்தை மேலே விட்டுவிட்டு, அதன் அடியில் தோண்டிக்கொண்டே போவதும் உண்டு.

சென்ட்ரலில் கூடுதல் கவனம் தேவைப்பட்டது. 1873-ல் திறக்கப்பட்ட ரயில் நிலையம் ஒரு பக்கம், 1913-ல் முடிந்த ரிப்பன் மாளிகை இன்னொரு பக்கம், அதையடுத்து விக்டோரியா பொது அரங்கு. பள்ளத்திலிருந்து நீரை இறைத்தால் சுற்றியுள்ள மண் இறுகித் தாழும். பழைய கட்டடங்களில் விரிசல் விழும். அதனால் இத்தகைய பணிகளில் சுவர்ச் சாய்வு, தரைத் தாழ்வு, நிலத்தடி நீர்மட்டம் மூன்றையும் கருவிகளால் தொடர்ந்து அளப்பார்கள்.

நிலையங்களுக்கு இடைப்பட்ட சுரங்கத்தைக் குடைவது இயந்திரம். அது முன்னால் உள்ள மண்ணையும் நீரையும் சரியான எதிரழுத்தத்தால் தாங்கிக்கொண்டே நகர வேண்டும். அழுத்தம் குறைந்தால், நகர்ந்த தூரத்துக்கு வர வேண்டியதைவிட அதிக மண் உள்ளே வந்து, மேலே வெற்றிடம் விழும். 2017 ஏப்ரல் 9 அன்று அண்ணா சாலையில் சுரங்கப் பணி நடந்த இடத்தில் சாலை உள்வாங்கி ஒரு பேருந்தும் காரும் பள்ளத்தில் இறங்கியது உங்களுக்கு நினைவிருக்கும். பிள்ளைகள் இதைப் பற்றி நிச்சயம் கேட்பார்கள். காரணத்தோடு விளக்கும்படி ஆசிரியர்களிடம் சொல்லியிருக்கிறோம். மறைக்க வேண்டிய விஷயமல்ல.

நடைமேடையில் பார்க்க வேண்டியது கண்ணாடித் தடுப்புக் கதவு. தண்டவாளத்தில் யாரும் விழாமல் காப்பது அதன் முதல் வேலை. இரண்டாவது வேலை காற்றைப் பிரிப்பது. சுரங்கத்தில் ஓடும் ரயில், ஊசிக்குழலில் தண்டு நகர்வதுபோல முன்னால் உள்ள காற்றைத் தள்ளிக்கொண்டு வரும். அந்தச் சூட்டுக்காற்று நடைமேடைக்குள் வந்தால் குளிரூட்டுவதெல்லாம் வீண். 1863 ஜனவரி 10-ல் லண்டனில் உலகின் முதல் சுரங்க ரயில் நீராவி இன்ஜினோடு ஓடியபோது, புகை வெளியேற வழி செய்வதே பெரும்பாடாக இருந்தது. இன்று மின்சாரத்தில் ஓடுவதால் புகை இல்லை. ஆனாலும் தீப்பிடித்தால் புகையை ஒரு திசையில் இழுத்து, எதிர்த்திசையில் மக்கள் வெளியேறப் பெரிய விசிறிகள் தயாராக இருக்கும். நடைமேடையை 4 நிமிடத்தில் காலி செய்ய வேண்டும், பாதுகாப்பான இடத்தை 6 நிமிடத்தில் அடைய வேண்டும் என்பது பல நாடுகளில் பின்பற்றப்படும் அளவுகோல். படிக்கட்டுகளின் அகலமும் எண்ணிக்கையும் இதை வைத்தே முடிவாகின்றன.

இனி உங்களிடம் கேட்டுக்கொள்வது.

மெத்தென்ற ரப்பர் செருப்பு வேண்டாம். பள்ளிக் காலணி போட்டு அனுப்புங்கள். நகரும் படிக்கட்டில் படிக்கும் பக்கப் பலகைக்கும் நடுவே சில மில்லிமீட்டர் இடைவெளிதான் இருக்கும். ஆனாலும் மென்மையான ரப்பர் பலகையில் உரசி ஒட்டிக்கொண்டு, உள்ளே இழுக்கப்பட்டுவிடும். ஓரத்தில் உள்ள தூரிகை காலை விலக்கி நிறுத்துவதற்கு. காலணியைத் துடைப்பதற்கு அல்ல. துப்பட்டாவைப் பின் குத்தி அனுப்புங்கள். பையின் பட்டைகள் தொங்கக் கூடாது. கதவு மூடும்போது கை கால் குறுக்கே இருந்தால் உணரி கண்டுபிடித்துவிடும். மெல்லிய பட்டையைக் கண்டுகொள்ளாமல் போகலாம். படிக்கட்டில் யாராவது சிக்கினால் மேலும் கீழும் உள்ள சிவப்புப் பொத்தானை அழுத்த வேண்டும் என்பதை வீட்டில் ஒருமுறை சொல்லி வையுங்கள்.

பிரிந்துவிட்டால் என்ன செய்வது என்பதையும் சொல்லுங்கள். குழு ஏறிவிட்டு, பிள்ளை நடைமேடையில் நின்றுவிட்டால், அடுத்த ரயிலில் ஏறக் கூடாது. அதே இடத்தில் நிற்க வேண்டும். ஓர் ஆசிரியர் திரும்பி வருவார். பிள்ளை மட்டும் ரயிலில் போய்விட்டால், அடுத்த நிலையத்தில் இறங்கி அதே நடைமேடையில் நிற்க வேண்டும். இரண்டு பேரும் ஒருவரையொருவர் தேடி அலைவதால்தான் நேரம் போகிறது.

பத்துப் பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியர் வருகிறார். துணைக்கு வர ஆறு பெற்றோர் தேவை. ஆஸ்துமா, வலிப்பு, மூடிய இடங்களில் பயம் இருந்தால் ஒப்புதல் படிவத்தில் தயங்காமல் எழுதுங்கள். சக்கர நாற்காலியில் வரும் மாணவருடன் அவர் குழு முழுவதும் மின்தூக்கியிலேயே வரும். ரயிலில் சாப்பிட அனுமதி இல்லை. காலை உணவை முடித்து அனுப்புங்கள், தண்ணீர் பாட்டில் மட்டும் போதும். பயணச்சீட்டைப் பள்ளியே எடுக்கிறது. படிவத்தை வியாழக்கிழமைக்குள் வகுப்பாசிரியரிடம் சேர்த்துவிடுங்கள்.

அன்புடன்,
தலைமையாசிரியர்